பத்தொன்பது ஊர், ஒரே மூச்சு

மூணு வாரம்னே எழுதிக்குங்க டாக்டர். ஆமா, மூணு வாரம்தான். ஜலதோஷம் வந்துச்சு, கூடவே ரெண்டு நாள் காய்ச்சல். அது போறப்ப குரலையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். நானா? தங்கச்சி. கூடப் பொறந்த தங்கச்சி. அக்கா வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு, அதுலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்.

அவளையே கேக்கணுமா? கேளுங்க, தாராளமா. ஆனா நர்ஸம்மா இப்பத்தானே மூக்குல மருந்துப் பஞ்ச வச்சு, அந்த ரூம்ல உக்காத்தி வச்சிருக்காங்க. மரத்துப்போக எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷமா. சரி, அந்தப் பத்து நிமிஷம் நான் பேசறேன். அவளுக்காக நான் பேசறது ஒண்ணும் புதுசில்ல.

இந்தக் கண்ணாடிக்குத் திரை போட மாட்டீங்களா? இல்ல, சும்மா கேட்டேன். இங்கயே பாத்துட்டு இருக்கா பாருங்க. கேக்காதுதான், தெரியும். அவளுக்குக் கேக்க வேண்டியதில்ல டாக்டர், உதட்டப் பாத்தே வார்த்தைய எடுத்துடுவா. நாற்காலிய இப்படிக் கொஞ்சம் ஒருச்சாய்ச்சுப் போட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. முழுசா முதுகக் காட்டினா எந்திரிச்சே வந்துடுவா.

அது தொழில்ல வந்த பழக்கம். ரெண்டு பேருமே ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்புச் சொல்றவங்க. மைக்குல வண்டி நம்பர் இன்னது, இத்தனாவது நடைமேடைக்கு வருதுன்னு சொல்லுவாங்களே, அதுதான். கண்ணாடிக் கூண்டு. வெளிய ஒரே இரைச்சல். நடைமேடையில நிக்கறவர் வாயசைச்சா உள்ள இருக்கற நமக்குப் புரியணும். அவளுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, எனக்கு இருபத்தஞ்சு. காலையில ஆறுலேர்ந்து பன்னெண்டு அவ, பன்னெண்டுலேர்ந்து ஆறு நான்.

குரலா? எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. ஒரே குரல். சின்ன வயசுல அம்மா அடுப்படியில இருந்துக்கிட்டு, எந்தக் கழுதைடி இப்பப் பேசினதுன்னு கேப்பா. அக்காவுக்குக் கல்யாணம் ஆன புதுசுல, அவ எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப, மாமியார்கிட்டேர்ந்து போன். அவ குளிச்சிட்டிருக்கா. நான் எடுத்து அவளாவே பேசிட்டேன். அரை மணி நேரம். வாங்க அத்தை, ஒரு மாசம் எங்ககூட இருந்துட்டுப் போங்கன்னு வேற கூப்பிட்டுட்டேன். வந்துட்டாங்க, பெட்டி படுக்கையோட. அக்கா எங்கூட நாலு நாள் பேசல. நீங்க சிரிக்கறீங்க. அவ இன்னிவரைக்கும் சிரிக்கல.

கேளுங்க. கழுத்துல ஆபரேஷனா? இல்ல. தைராய்டு? இல்ல, தொடக்கூட இல்ல. நெஞ்சுல? இல்ல. மயக்க மருந்து குடுத்துத் தொண்டையில குழாய் போட்டதில்ல. எங்கயும் விழல, அடிபடல. கை கால் இழுத்துக்கிட்டதில்ல. பக்கவாதம் இல்ல. சிகரெட்டா? நல்லாக் கேட்டீங்க, அவ பக்கத்துல ஊதுபத்தி ஏத்தினாலே மூக்கப் பொத்திப்பா. நிணநீர்க் கட்டியும் எதுவும் தட்டுப்படல, இடது பக்கம் எலும்புக்கு மேல தடவிப் பாத்தாங்க...

யாரா? யாரு தடவிப் பாத்தாங்கன்னா... நான்தான் பாத்தேன். போன்ல போட்டிருந்துச்சு, எங்கெங்க தடவிப் பாக்கணும்னு. இப்பத்தான் எல்லாம் போன்லயே வருதே. இல்ல டாக்டர், வேற யார்கிட்டயும் காட்டல. உங்ககிட்டதான் முதல்ல வர்றோம்.

புரை ஏறுதாவா? இல்ல. தண்ணி, சோறு எல்லாம் சுத்தமா இறங்குது.

என்னது அது? நேத்து அவசரப் பிரிவுல எழுதின காகிதமா? அது உங்ககிட்ட வந்துடுச்சா? சரி. ஆமா. நேத்து ஏறுச்சு. நேத்து மட்டும். இருங்க, சொல்றேன்.

கூண்டுக்குள்ளதான். ஒரு வண்டி கிளம்பப் போகுது. நீள வண்டி, பத்தொன்பது ஊர்ல நிக்கும். பத்தொன்பது ஊர்ப் பேரையும் வரிசையாச் சொல்லணும். நான் மைக்குல சொல்லிட்டிருக்கேன், அவ எனக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து தண்ணி குடிக்கறா. புரை ஏறினா நம்ம என்ன செய்வோம்? இருமுவோம். சத்தம் வரும். பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாத்துத் தலையில தட்டுவாங்க. அவ இருமினா சத்தம் வராது டாக்டர். வெறும் காத்துதான் வரும். பழைய சைக்கிள் பம்ப அடிக்கற மாதிரி. இருமறதுக்குக்கூடத் தொண்டைக்குள்ள இருக்கற ரெண்டு குரல் நாடாவும் கதவு மாதிரி ஒட்டி மூடணுமாமே? மூடினாத்தானே தள்ளித் தெறக்க முடியும். பதினோராவது ஊர் சொல்றப்ப எதிர்க் கண்ணாடியில அவ நிழலப் பாத்தேன். ரெண்டு கையும் கழுத்துல. உதடு நீலமா இருக்கு. எவ்வளவு நேரமா அப்படி இருந்தாளோ தெரியல. கை நீட்டினா என் முதுகு எட்டும். தொடல.

அக்கான்னு கத்திட்டேன். மைக்க மூடல. ஏழு நடைமேடைக்கும் கேட்டுச்சாம். கீழ ஜனம் எல்லாம் அப்படியே நின்னுடுச்சாம், என்னமோ எதுவோன்னு. முதுகுல ஓங்கிக் குத்தினேன். ஒரு குத்து, ரெண்டு குத்து. நாலாவது குத்துக்குத்தான் மூச்சு வந்துச்சு. இங்க தூக்கிட்டு வந்து, ஆக்சிஜன் வச்சு, ஆசுவாசம் ஆனதுக்கப்புறம் கேட்டேன், ஏன்க்கா, என்னை ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா? நோட்டு வாங்கி எழுதிக் காமிச்சா. மைக் ஆன்ல இருந்துச்சு, அப்படின்னு. அவ்வளவுதான் பதில். இருபத்தெட்டு வருஷம் டாக்டர். மைக் ஆன்ல இருக்கும்போது நாற்காலிகூட முனகக் கூடாது எங்களுக்கு.

நேரமா? பதினொண்ணே கால்.

ஆமா, பதினொண்ணே கால். காலையில.

நீங்க நல்லாக் கணக்கா கேக்கறீங்க. ஆமா, அது அவ ஷிஃப்ட்தான். பன்னெண்டுக்கு முன்னாடி அவதான் பேசணும். நான் பேசிட்டிருந்தேன். சரி, ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு, நேத்து ஸ்டேஷன் முழுக்கக் கேட்டாச்சு. அவளுக்குக் குரல் போனதுலேர்ந்து ரெண்டு ஷிஃப்டும் நான்தான் பேசறேன். அவ கூட வந்து உக்காருவா, பட்டன் போடுவா, எந்த வண்டி எங்க வருதுன்னு எழுதி நீட்டுவா, பதிவேட்டுல கையெழுத்துப் போடுவா. வாய் மட்டும் என்னோடது. ஒருத்தருக்கும் தெரியல. கீழ புத்தகக் கடைக்காரர் மட்டும் ஒருநாள் அக்காகிட்டயே சொன்னார், என்னம்மா, இப்பல்லாம் சாயங்காலம் வரைக்கும் உங்க குரல் தளரவே மாட்டேங்குதே, என்ன சாப்பிடறீங்கன்னு. அவ சிரிச்சுட்டே தலையாட்டிட்டு வந்துட்டா.

அவ பழைய குரல் ஒண்ணு பதிவுல இருக்கு. தண்டவாளத்தக் கடக்காதீங்க, மேம்பாலத்தப் பயன்படுத்துங்கன்னு. மணிக்கு நாலு தடவ அதுவா ஓடும். அது ஓடறப்ப இவ செஞ்சிட்டிருக்கற வேலைய விட்டுட்டு நிப்பா. பெரியவங்க பேசறப்ப குழந்தைங்க வாயப் பொத்திட்டு நிக்குமே, அப்படி. அப்பத்தான் எனக்கே ஒண்ணு பிடிபட்டுச்சு. ஒரே குரல் இல்ல நாங்க. அவ வண்டி நம்பர் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பொட்டு மூச்சு எடுப்பா. பூ கட்டறவங்க முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி நாரை இழுத்துப் பாப்பாங்களே, அந்த அளவு. நான் எடுக்க மாட்டேன். நேரா விழுந்துடுவேன்.

இதுவா? கையில ஒண்ணும் இல்லயே. இதுவா... இது சீட்டு. அவ எழுதிக் குடுத்தது, உங்ககிட்ட என்ன சொல்லணும்னு. பாருங்களேன், பாக்கறதுக்கு என்ன. மூணு வாரம். ஜலதோஷம். புரை ஏறல. எடை குறையல. ஆபீசுக்குப் பேப்பர் வேணும், தேதி மாறாம எழுதச் சொல்லு. அவ்வளவுதான். மேலாளர்கிட்ட நேத்து நாங்க மூணு வாரம்னுதான் சொல்லியிருக்கோம். அதுக்கு மேலன்னு நீங்க எழுதினா, அத்தனை நாள் பதிவேட்டுல அவ போட்ட கையெழுத்தும் பொய்யின்னு ஆயிடும். ரெண்டு பேரையும் கூண்ட விட்டு இறக்கிடுவாங்க.

எழுதிக் குடுத்தா வாசிச்சிடுவோம் டாக்டர், அது எங்களுக்குக் கைவந்தது. இல்ல, வாய்வந்தது. உண்மையா பொய்யான்னு பாக்கறதில்ல. நாலு மணி நேரம் தாமதம்னு குடுத்தாலும் அதே குரல், நாலு நிமிஷம்னு குடுத்தாலும் அதே குரல். தாமதத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லுவோம். என்ன காரணம்னு சொல்ற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

ஏன் சீட்டு இப்படி மடிப்புல கிழிஞ்சிருக்குன்னு கேக்கறீங்களா.

நீங்க சின்ன வயசா இருக்கீங்க, ஆனா கண்ணு ரொம்பக் கூர்மை. ஆமா. நேத்து எழுதினதில்ல அது. பதினோரு வாரத்துக்கு முன்னாடி எழுதினது, ஆபீஸ் பேப்பர் வரி மட்டும் நேத்து சேத்தது. பதினோரு வாரமா அதுல மூணு வாரமாவே இருக்கு.

இருங்க, அவ கண்ணாடியத் தட்டறா. என்னக்கா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பேரு வயசுதான் கேக்கறாங்க. உக்காரு. பாருங்க, எப்படி முறைக்கறான்னு. நம்பல. இன்னும் எவ்வளவு இருக்கு, ஆறு நிமிஷமா?

எழுதுங்க. அஞ்சு மாசம் நாலு நாள். தேதிகூடச் சொல்றேன். அன்னிக்கு நான் சாப்பாட்டுக் கேரியர எடுத்துட்டுக் கொஞ்சம் சீக்கிரமாவே ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். மூணாவது நடைமேடையில நடந்துட்டிருக்கேன், மேல அவ குரல் போயிட்டிருக்கு. அதே நீள வண்டி. பத்தொன்பது ஊர். எங்களுக்குள்ள ஒரு போட்டி உண்டு, ஒரே வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து. பத்தொன்பதையும் ஒரே மூச்சுல சொல்லணும். நடுவுல மூச்சு வாங்கினா அன்னிக்கு ராத்திரி பாத்திரம் அவங்க கழுவணும். அவ தோத்ததே இல்ல. என் ஷிஃப்ட்லயும் அதே தடத்துல ஒரு வண்டி உண்டு, நான் பாதி நாள் பதினாறுல முட்டிப்பேன். அன்னிக்கு ஏழாவது ஊருக்கும் எட்டாவது ஊருக்கும் நடுவுல ஒரு காத்துச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பத்துக்கு முன்னாடி. பன்னெண்டுக்கு முன்னாடி. நான் கேரியரோட அப்படியே நின்னுட்டேன். பக்கத்துல போறவங்களுக்கு அது ஊர்ப் பேரு. எனக்கு என்னமோ படி தெரியாம இருட்டுல ஒருத்தி இறங்கற மாதிரி இருந்துச்சு.

மேல போனதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்னிக்கு நீதான் பாத்திரம். அதச் சொல்லிச் சிரிச்சேன்.

ஜலதோஷம் எல்லாம் அதுக்கு ஒரு மாசம் கழிச்சு வந்தது. சளி பிடிக்கறதுக்கு முன்னாடியே குரல் போயிடுச்சு. எடையும் குறைஞ்சிருக்கு. எவ்வளவுன்னு தெரியல, ஆனா மோதிரம் கழண்டு விழுதுன்னு நூல் சுத்திப் போட்டிருக்கா, பாருங்க அந்தக் கைய. புரை வாரத்துல ரெண்டு தடவையாவது ஏறும். தண்ணிக்குத்தான் அதிகம். தலையக் குனிஞ்சு, ஒரு பக்கமா திருப்பி, ஒவ்வொரு வாயாக் குடிப்பா. அதையெல்லாம் அவளே கண்டுபிடிச்சுக்கிட்டா.

பதினோரு வாரத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்டப் போனோம். ஊருக்கு அந்தக் கோடியில, எங்கள யாருக்கும் தெரியாத இடமாப் பாத்து. பெரியவர். நிதானமானவர். நான் சீட்ட வாசிச்சேன், அவர் எழுதிக்கிட்டார். ஒரு கடிகாரத்தக் கையில வச்சுட்டு, ஆன்னு எவ்வளவு நேரம் முடியுமோ இழுங்கன்னார். நாலு விநாடி. பத்தொன்பது ஊர் சொன்னவ. அப்புறம் இதே மாதிரி பஞ்சு, இதே மாதிரி மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய், நுனியில விளக்கு. திரையில தெரிஞ்சுச்சு. நானும் பாத்தேன். ரெண்டு வெள்ளை நாடா. முன்பக்கம் சேந்து, பின்பக்கம் விரிஞ்சு, சின்னக் கூடாரம் மாதிரி. ஈ சொல்லுங்கன்னார். வலது நாடா துள்ளி நடுவுக்கு வந்து நிக்குது. இடது வரல. இன்னொரு தடவ ஈ. வலது வருது, காத்திருக்குது, திரும்பிப் போகுது. இடது அசையல. யாரோ கை நீட்டி, யாரும் பிடிக்காத மாதிரி இருந்துச்சு டாக்டர். நான் திரையிலேர்ந்து கண்ண எடுத்துட்டேன். அவ எடுக்கல.

குழாய வெளிய எடுத்ததும் அவளுக்குக் குமட்டிட்டு வந்துச்சு. நர்ஸ் கூட்டிட்டு வெளிய வாஷ்பேசினுக்குப் போயிட்டாங்க. பெரியவர் என்கிட்டதான் பேசினார். யாரு பதில் சொல்றாங்களோ அவங்களப் பாத்துத்தானே எல்லாரும் பேசறாங்க, நீங்களும்தான். மருந்துச் சீட்டப் பின்பக்கம் திருப்பி ஒரு படம் போட்டார். மூளையிலேர்ந்து ஒரு கோடு. தொண்டைக்குப் போற நரம்பு அது. ஆனா நேரா தொண்டையில போயி நிக்கறதில்லயாம். வலது பக்கத்துது கழுத்துக்குக் கீழயே திரும்பிடுது. இடது பக்கத்துது நெஞ்சுக்குள்ள இறங்கி, பெரிய ரத்தக் குழாயச் சுத்தி வளைஞ்சு, அப்புறம் மேல ஏறித் தொண்டைக்கு வருது. இறங்க வேண்டிய ஸ்டேஷனத் தாண்டிப் போயி, வளைஞ்சு திரும்பி வர்ற வண்டி. அவ்வளவு தூரத்துல எங்க தடங்கல் இருந்தாலும் கதவு அசையாது. கழுத்துல இருக்கலாம், தைராய்டுல இருக்கலாம், நுரையீரல் ஓரத்துல ஏதாவது வளந்து அழுத்தலாம், அந்தக் குழாயே வீங்கியிருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்.

நான் கேட்டேன், ஜலதோஷத்துக்கு அப்புறம் வந்ததுதானே, கிருமியா இருக்காதான்னு. இருக்கும்மான்னார். நீங்க சொல்றதப் பாத்தா அப்படித்தான் தோணுது. சில பேருக்கு அஞ்சாறு மாசத்துல தானாத் திரும்பிடும். ஆனா கிருமின்னு சொல்றது கடைசியாச் சொல்ல வேண்டியது. மத்ததெல்லாம் இல்லன்னு ஒண்ணொண்ணாப் பாத்து அடிச்சதுக்கப்புறம்தான் அதுக்கு வரணும். அப்படின்னுட்டு ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்தார். மண்டையோட்டுக்கு அடியிலேர்ந்து நெஞ்சு வரைக்கும். ஒரு வாரத்துல எடுத்துட்டு வாங்கன்னார்.

அவ துண்டால முகத்தத் துடைச்சுட்டு வந்தா. என்ன சொன்னார்னு புருவத்தத் தூக்கிக் கேட்டா. கிருமியாத்தான் தோணுதாம், சில பேருக்கு அஞ்சாறு மாசத்துல தானாத் திரும்பிடுமாம்னேன். அதே குரல்ல. நான் சொன்னதுல ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொன்னதுதான். சொல்லாம விட்டது ஒண்ணே ஒண்ணு.

எடுக்கல டாக்டர். ஸ்கேன் எடுக்கல. அவளுக்கு அப்படி ஒண்ணு எழுதினதே தெரியாது.

ஆபீசுக்குப் பயந்துதான்னு வச்சுக்குங்க. லீவு கேக்கணும், காரணம் சொல்லணும், பேப்பர் வரும். அதுதான் காரணம்னு நானும் பல நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

நீங்க ஏன் எழுதறத நிறுத்திட்டீங்க?

அக்காவுக்கு ஒரு பொண்ணு. குட்டின்னு கூப்பிடுவோம். வேற தேசத்துல இருக்கா, ஏழு மாசம். மாசமா இருக்கான்னு சொல்ல வந்தேன். ஆரம்பத்துல கொஞ்சம் சிக்கல் ஆயி, மனசுக்கு எதுவும் பாரம் வரக் கூடாது, படுத்தே இருன்னு சொல்லியிருக்காங்க. தினம் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணுவா. அம்மாவுக்குக் குரல் போச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? அக்காதான் எழுதினா, நீ பேசுன்னு. கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். அஞ்சு மாசமா அந்தக் கேமரா சரியாகல. குட்டி கோவிச்சுப்பா, என்னம்மா, கஞ்சத்தனம் பண்ணாம புதுசு வாங்கேன்னு.

முதல் மாசம் அக்கா பக்கத்துலயே உக்காந்து எழுதித் தருவா. நான் வாசிப்பேன். சாப்பிட்டியா. கால் வீங்குதா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, அவ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் பேசிடுவேன். குட்டி எதையாவது சொல்லிச் சிரிப்பா, நானும் சிரிப்பேன், அக்கா பேனாவத் தூக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கற மாதிரி இருக்கும். குட்டி அங்க இல்லயேன்னு வைங்க, ஆனா அப்படித்தான் இருக்கும். ஒருநாள் பேனாவுக்கு மூடி போட்டுட்டா. இப்பல்லாம் போன் அடிச்சா எந்திரிச்சுப் போயித் துணி மடிக்கறா. மடிச்ச துணியவே திரும்ப மடிக்கறா.

எனக்குக் கல்யாணம் ஆகல. அதெல்லாம் நீங்க எழுத வேண்டாம், சும்மாச் சொல்றேன்.

வயித்துல குழந்தை முதல் தடவ உதைச்சப்ப குட்டி போன் பண்ணினா. அம்மா, உதைக்குதும்மா, இப்பத்தாம்மா, இந்த நிமிஷம்னா. அக்கா அந்த நேரம் பின்பக்கம் இருந்தா. நான் அவளக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. போன வச்சதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். மறுநாள்தான் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க அத நானே வச்சுக்கிட்டேன்.

ஸ்கேன் எடுத்தா ஏதாவது தெரியும். தெரிஞ்சா குட்டிகிட்டச் சொல்லித்தான் ஆகணும். சொன்னா, இத்தனை நாள் பேசினது யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் அவ என்னை ஏன் அம்மான்னு கூப்பிடப் போறா?

அந்த ஸ்கேன் சீட்டு தொலையல டாக்டர். பையிலயே இருக்கு. பக்கத்து ஜிப்புல. இதோ. தினமும் கூண்டுக்கு எடுத்துட்டுப் போறேன், எடுத்துட்டு வர்றேன். அவசரம்னு போட்டு ரெண்டு கோடு இழுத்திருக்கார் பாருங்க. எழுபத்தேழு நாள் ஆச்சு. நேத்து அவ உதடு நீலமாப் போனப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. அவ ஞாபகம் இல்ல, இந்த ஜிப்பு.

இன்னிக்கேவா? இப்பவே எடுத்துடலாமா? பக்கத்துக் கட்டடத்துலயே இருக்கா? எடுங்க. என்ன கையெழுத்து வேணும்னாலும் போடறேன். இல்ல, நான் போடக் கூடாது. அவதான் போடணும். அவகிட்டயே கேளுங்க, எல்லாத்தையும். மெதுவாக் கேளுங்க, எழுதிக் காமிப்பா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

ஐயோ, இதப் பாருங்க. போன். குட்டிதான். இன்னிக்குச் செக்கப்புக்குப் போயிட்டு வந்து கூப்பிடறேன்னு சொல்லியிருந்தா. அக்காவும் பாத்துட்டா, பாருங்க, கைய ஆட்டறா, எடு எடுங்கறா. எடுக்கட்டுமா டாக்டர்? ஒரே நிமிஷம். இந்த நாற்காலிய அவ பக்கமா நேராத் திருப்பிப் போட்டுக்கறேன். என் வாய் அவளுக்கு நல்லாத் தெரியணும்.

ஹலோ. ஆமாண்டா கண்ணு, கேக்குது. நல்லாக் கேக்குது. நீ முதல்ல உக்காந்துக்கோ. உக்காந்துட்டியா? இல்லடா, அம்மா இல்ல. சித்தி பேசறேன்.